வலிப்புள்ள குழந்தைகளுக்காக நடை வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாள், மார்ச் 26 வலிப்பு நோய் விழிப்புணர்வுக்கான ஊதா நாள் (பர்ப்பிள் டே). இந்தச் சமயங்களில் நிதி திரட்ட ஒரு நடை வைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். நல்ல விஷயம்தான். ஆனால் பேனர், ஸ்பான்சர், சிறப்பு விருந்தினர் என்று ஓடுகிற ஓட்டத்தில், வலிப்புள்ள குழந்தைகளும் அன்றைக்கு நடக்க வருவார்கள் என்பதையே மறந்துவிடுகிறோம். நானும் மறந்திருக்கிறேன்.

முதலில் நேரம். காலை 6 மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரை என்று போட்டால், தாம்பரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் பிள்ளையை 4 மணிக்கே எழுப்ப வேண்டும். தூக்கம் கெடும், கிளம்பும் அவசரத்தில் காலை மருந்தும் விட்டுப்போகும், வலிப்பைக் கிளப்பிவிட இந்த இரண்டே போதும். அதற்காக வெயில் ஏறியபிறகும் வைக்காதீர்கள். டோபிராமேட் மாதிரி சில வலிப்பு மருந்துகள் எடுக்கிற குழந்தைகளுக்கு வியர்வை சரியாக வராது, உடம்பு சட்டென்று சூடாகிவிடும். மாலை 5 மணிக்கு வையுங்கள், ஒரு கிலோமீட்டர் போதும், நடுவில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும்.

அப்புறம், முதலுதவி. நாங்கள் முதல் தடவை நடத்தியபோது தன்னார்வலர்களுக்கு டி-சர்ட் கொடுத்தோம், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்ததும் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார், அவன் அம்மா கத்தித்தான் தடுத்தார். இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108-ஐ அழையுங்கள். முழுசாகத் தெளியும் வரை தண்ணீர்கூட வேண்டாம். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே சில பெற்றோர் கையில் இருக்கும், யாரிடம் இருக்கிறது என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பாசத்தில் செய்கிற தவறு, வருகிற குழந்தைகளுக்கெல்லாம் ஜூஸும் சாக்லேட்டும் நீட்டுவது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு கீட்டோஜெனிக் உணவு (கொழுப்பு அதிகம், மாவும் சர்க்கரையும் மிகக் குறைவு) கொடுத்துவருகிற குழந்தையும் அங்கே இருக்கலாம். அந்த வீட்டில் ஒவ்வொரு கிராமையும் எடைபோட்டுத்தான் ஊட்டுகிறார்கள், ஒரு சாக்லேட்டில் அந்தப் பாடெல்லாம் வீணாகலாம். அம்மாவிடம் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். மேடையில் வெட்டி வெட்டி மின்னுகிற விளக்கும் வேண்டாம், எல்லோருக்கும் இல்லையென்றாலும் சிலருக்கு அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், வலிப்பு வந்திருக்கும்போது ஃபோனைத் தூக்கவே தூக்காதீர்கள். திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பை 1999-லேயே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் நாளைக்கு வரன் பார்க்கும்போது இந்தப் படம் வந்து நிற்குமோ என்று பெண் குழந்தையைப் பெற்றவர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பேனரில் 'காக்காய் வலிப்பு' என்று எழுதாதீர்கள், அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

பண விஷயத்தில் 'உதவிக்காக' என்று பொதுவாகச் சொல்லி வசூலிக்க வேண்டாம். மாத மருந்துக்கா, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்கிற இஇஜி எடுக்கவா, மருத்துவமனைக்கு வருகிற நாளில் கூலி போகிற அப்பாவின் பஸ் செலவுக்கா என்று முன்பே சொல்லுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது, அதையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரரிடம் பணம் கேட்கும் முன், உங்கள் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள்.

டி-சர்ட் ஆர்டர் சொல்லும்போது கூடவே வருகிற அண்ணன், தங்கைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரி வலிப்பு வந்தால் முதலில் எழுந்து அம்மாவைக் கூப்பிடுவது பல வீடுகளில் அவர்கள்தான்.