படகின் இண்டு இடுக்கில் துளை போடுவது எப்படி

படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் குழாயை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புப் பலகையில் இரண்டு கிளிப் அடித்து நிறுத்த வேண்டியிருந்தது. கிளிப்புக்கு இரண்டு திருகு, ஆக நான்கு துளை. ஒவ்வொன்றும் 3 மி.மீ.தான். ஆனால் எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடம் 14 செ.மீ. என் டிரில்லை மேசைமேல் வைத்து அளந்தால் பிட்டோடு சேர்த்து 27 செ.மீ. வருகிறது. படகு வேலை பார்க்கிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள்.

28 அடி ஃபைபர் படகு ஒன்றை 15 வருடமாக வைத்திருக்கிறேன். அதன் வேலை எல்லாவற்றையும் நானேதான் பார்க்கிறேன். இடுக்கில் துளை போடுவதைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: டிரில்லைத் தொடுவதற்கு முன், எந்தப் பக்கத்திலிருந்து போடலாம் என்று முடிவு செய்யுங்கள். பல நேரம் பலகைக்கு அந்தப் பக்கம் தாராளமாக இடம் இருக்கும். சாமான் வைக்கும் லாக்கருக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொண்டே யோசித்தால் அது தோன்றாது. வெளியே வந்து, பலகையைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அளவு எடுப்பதற்கு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். டிரில்லைப் பிட்டோடு ஓர் அட்டைமேல் படுக்க வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டையை இடுக்குக்குள் கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி எங்கே இடிக்கிறது, பேட்டரி எந்தக் குழாயில் முட்டுகிறது என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் கை விரல்களுக்கும் இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து போடலாம் என்று முடிவானால், இந்தப் பக்கத்துக் குறியை அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோவது? இரண்டு பக்கமும் தெரிகிற ஏதாவது ஒரு போல்ட் இருந்தால் அதிலிருந்து அளந்துவிடலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் காந்தம். ஃபைபரும் மரமும் காந்தத்தைத் தடுப்பதில்லை. உள்ளே குறி வைத்த இடத்தில் சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றை டேப் போட்டு ஒட்டுங்கள். வெளியே இன்னொரு காந்தத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால், நேர் எதிரே வந்ததும் சட்டென்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். பலகை ஒன்றரை செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் பெரிய காந்தம் வேண்டும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்தத்தை விட்டுவைத்தால் படகு வேறு பக்கம் போகும். பெயின்ட் அடிக்காத மெல்லிய ஃபைபராக இருந்தால் காந்தம்கூடத் தேவையில்லை. உள்ளே டார்ச்சை அழுத்திப் பிடித்தால் வெளியே வட்டமாக வெளிச்சம் தெரியும்.

இப்படிச் செய்யும்போது என் மகள்தான் உள்ளே போவாள். அவள் கை மெலிந்த கை, எஞ்சினைத் தாண்டி நுழைந்துவிடும். "அப்பா, இன்னும் ஒரு விரல் இடப்பக்கம்" என்று அவள் சொல்லச் சொல்ல நான் வெளியே நகர்த்துவேன். நான் டிரில்லை இயக்குவதற்கு முன் "கையை எடுத்துட்டேன்" என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அது வராமல் சுவிட்சில் என் விரல் போகாது. இருவர் சேர்ந்து செய்கிற வேலையில் இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது.

எதிர்ப்பக்கத்துக்குக் குறியைக் கொண்டுபோக வழியே இல்லை என்றாலும்கூட ஒரு பாதி வழி உண்டு. இடுக்குப் பக்கத்திலிருந்து 2.5 மி.மீ. பிட்டால் ஒரு சின்னத் துளை மட்டும் போட்டு எட்டிப்பார்க்க வையுங்கள். அது வெளிப்பக்கம் தலைகாட்டிவிட்டால், வேண்டிய அளவுக்கு அங்கிருந்து பெரிதாக்கிக்கொள்ளலாம். ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட் இருக்கும் பக்கத்திலிருந்து பெரிதாக்கினால் விளிம்பும் சிதறாமல் வரும். ஆனால் சின்னத் துளை நேராகப் போக வேண்டும். 20 மி.மீ. பலகையில் பிட் 10 டிகிரி சாய்ந்தால், மறுபக்கம் மூன்றரை மி.மீ. தள்ளி வெளியே வரும். ஒன்றரை செ.மீ. தடிமனுள்ள மரத்துண்டில் மேசையில் வைத்தே நேராக ஒரு துளை போட்டு, அதை இரட்டைப் பக்க டேப்பால் குறியின்மேல் ஒட்டிவிட்டால், பிட் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும்.

குறி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இடுக்கில் சுத்தியலை ஓங்க முடியாது. உள்ளங்கையால் அழுத்தினாலே தானாகக் குத்துகிற ஸ்பிரிங் சென்டர் பஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். உலோகத்துக்கு அதுதான் சரி. ஜெல்கோட்டில் அதை அடித்தால் நட்சத்திரம் போல விரிசல் விடும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, கூர்மையான ஊசியைக் கையால் திருகிக் குழி எடுத்தால் போதும்.

இனி, எப்படிப் பார்த்தாலும் உள்ளிருந்துதான் முழுத் துளையும் போட வேண்டும் என்கிற இடங்கள். முதலில் பிட்டின் நீளத்தைக் குறையுங்கள். சாதாரண 3.5 மி.மீ. பிட் 70 மி.மீ. நீளம். அதே அளவில் குட்டைப் பிட் 52 மி.மீ.தான். கிடைக்காவிட்டால் பழைய பிட்டின் பின்பக்கத்தைக் கிரைண்டரில் வெட்டிக்கொள்ளலாம், கூர்முனைப் பக்கம் கை வைக்காதீர்கள். வெட்டியபின் பிசிறை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் டிரில்லில் பிட்டைப் பிடிக்கும் சக்கில் மையமாக உட்காராமல் ஆடும்.

அடுத்தது 90 டிகிரி திரும்புகிற ரைட் ஆங்கிள் அட்டாச்மென்ட். டிரில்லின் சக்கில் மாட்டினால் பிட் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். என்னிடம் இருப்பது, அறுகோண அடியுள்ள குட்டைப் பிட்டோடு சேர்த்து 9 செ.மீ. வருகிறது. அந்த எஞ்சின் இடுக்கில் நான்கில் மூன்று துளையை அதில்தான் போட்டேன். டிரில் சுற்ற ஆரம்பித்ததும் அட்டாச்மென்ட் முழுவதும் திரும்பப் பார்க்கும், அதனால் அதன் கைப்பிடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடியுங்கள். பிட் மறுபக்கம் துளைத்து வெளியேறும் கணத்தில் சிக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மணிக்கட்டு எஞ்சினுக்கும் டிரில்லுக்கும் நடுவே இருந்தால் எலும்பு போய்விடும். டிரில்லின் கிளட்சைக் குறைவாக வைத்துக்கொண்டு, கடைசி ஒரு மி.மீ.யை மெதுவாகத் தாண்டுங்கள். சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் துணிக் கையுறை வேண்டவே வேண்டாம், நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

நான்காவது துளைக்கு அட்டாச்மென்ட்டும் நுழையவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற குட்டி ராட்செட்டில் அறுகோண பிட்டை மாட்டி, தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, டக் டக் என்று கையாலேயே சுற்றினேன். 12 மி.மீ. பிளைவுட்தான், பொறுமையாகச் சுற்றச் சுற்ற மரத்தூள் பொடிப்பொடியாக வெளியே வந்தது. மரத்திலும் ஃபைபரிலும் சின்னத் துளைக்கு இதைவிட நம்பகமான கருவி என்னிடம் இல்லை. மின்சாரமும் இல்லை, தீப்பொறியும் இல்லை, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது விரலுக்கே தெரியும்.

லாக்கர் வாசல் நேர் எதிரே இருந்தால் 30 செ.மீ. எக்ஸ்டென்ஷன் தண்டை மாட்டி டிரில்லை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். முனை கடிக்கும்வரை மிக மெதுவாகச் சுற்ற வேண்டும், வேகம் கூடினால் தண்டு வளைந்து சாட்டைபோல அடிக்கும். வளைகிற ஃபிளெக்ஸ் ஷாஃப்ட்டை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். விசை பாதி அதன் வளைவிலேயே போய்விடுகிறது. அதில் பல வகை ஒரு திசையில் சுற்றுவதற்காகவே முறுக்கப்பட்டவை, எதிர்த்திசையில் பலமாகச் சுற்றினால் முறுக்கு பிரிந்துவிடும்.

பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மி.மீ.கூட இறங்காதீர்கள். என் படகில் ஒருமுறை லாக்கருக்குள் கொக்கி மாட்டத் துளை போட்டேன். பிட்டின் முனை அந்தப் பக்கம் இரண்டு மி.மீ. நீட்டி, அணியத்து (முன்முனை) விளக்குக்குப் போகும் வயரின் மேலுறையை உரசியிருக்கிறது. அன்று விளக்கு எரிந்தது. ஆறு மாதம் கழித்து இரவில் அணைந்துபோனது. பிரித்துப் பார்த்தால், அந்தக் கீறல் வழியே உப்புக்காற்று புகுந்து செம்பு முழுவதும் பச்சையாகி உதிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து மொபைல் கேமராவைப் பின்பக்கம் நீட்டிப் படம் எடுக்காமல் நான் தொடங்குவதில்லை. படகின் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுவேன்.

ஆழத்தைக் கட்டுப்படுத்தப் பிட்டில் டேப் சுற்றுவார்கள். இடுக்கில் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது, சமயத்தில் டேப் மேலே நழுவியும் விடும். பிட் நுழைகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டை வெட்டிச் சொருகுங்கள். வேண்டிய ஆழம் மட்டும் பிட் வெளியே நீட்ட, மிச்சத்தைக் குழாய் மூடியிருக்க வேண்டும். குழாய் பலகையில் முட்டியதும் பிட் தானாக நின்றுவிடும். படகின் வெளி ஓட்டை ஒட்டி வேலை செய்யும்போது இது கட்டாயம். நீர்மட்டத்துக்குக் கீழே துளை என்றால் படகு கரையில் இருக்க வேண்டும், வேறு பேச்சே இல்லை.

இன்னொன்று. பெட்ரோல் ஆவியும் சமையல் கேஸும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் படகின் அடியில், நீங்கள் படுத்திருக்கும் அதே பில்ஜில்தான் தேங்கும். சாதாரண டிரில் மோட்டாருக்குள் தீப்பொறி பறந்துகொண்டே இருக்கும். மூடிகளைத் திறந்து, காற்றோட்ட விசிறியை நன்றாக ஓடவிட்டு, வாடை அறவே இல்லை என்று தெரிந்தபின் உள்ளே போங்கள். ஈரம் நிற்கிற இடத்துக்குள் மின்வயர் உள்ள டிரில்லைக் கொண்டுபோகக் கூடாது, பேட்டரி டிரில்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துளை போடுவது தனிப் பக்குவம். வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் உலோகம் அந்த இடத்தில் இறுகிப்போகும், பிறகு எந்த பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட், ஒரு சொட்டு கட்டிங் ஆயில், குறைந்த வேகம், பலமான அழுத்தம். சுருள் சுருளாக உலோகம் வந்தால் சரி. கீச்சென்று சத்தம் மட்டும் வந்தால் உடனே நிறுத்துங்கள், வெட்டாமல் உரசுகிறது என்று அர்த்தம். இடுக்கில் உடம்புப் பலத்தை முழுவதும் கொடுக்க முடியாது. காலை எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டோ, டிரில்லுக்குப் பின்னால் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நெம்பியோதான் அந்த அழுத்தம் கிடைக்கும்.

படகின் மேல்தளமான டெக்கில் போடும்போது, இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிட்டில் வருகிற தூள் வெள்ளையிலிருந்து மரநிறத்துக்கு மாறினால் இருக்கிறது. 6 மி.மீ. போல்ட் என்றால், மேல் ஃபைபரையும் மரத்தையும் 12 மி.மீ. அளவுக்கு எடுத்து, கீழ் ஃபைபரை விட்டுவைத்து, குழியைக் கெட்டியாகக் கலந்த எபாக்சிப் பசையால் நிரப்புங்கள். நன்றாக இறுகியபின் நடுவில் 6.5 மி.மீ. துளை. இதைத் தவிர்த்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் வருடக்கணக்கில் பால்சாவை ஊறவைத்துக் கூழாக்கிவிடும்.

தலைக்குமேல் துளை போடும்போது ஒரு காகிதக் கப்பின் அடியில் பிட்டைக் குத்தி நுழைத்துக்கொண்டால், தூள் முகத்தில் விழாமல் கப்பில் விழும். அப்படியும் கண்ணாடியும் முகமூடியும் போட்டே ஆக வேண்டும், ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கீழே பழைய துணி விரித்துவிடுங்கள், கழன்று விழும் திருகும் பிட்டும் பில்ஜுக்குள் போகாது.

சாதாரண இரும்பைத் துளைத்திருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள். ஒரு துணுக்கு தங்கினாலும் ஈரம் பட்டு ஜெல்கோட்டில் பழுப்புப் புள்ளியாகப் படிந்துவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூலை முடுக்கெல்லாம் தடவி எடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பினால் துணுக்கு எல்லாம் பைக்குள் விழும். பிறகு வாக்குவம் போடலாம். பிளைவுட் துளையாக இருந்தால், குச்சியின் நுனியில் எபாக்சி தொட்டு உள்சுவரில் தடவி, அது காய்ந்தபின் திருகை முடுக்குங்கள்.