ஒரு கைலியை வைத்துப் பழவேற்காட்டு வரலாறு சொல்லித்தருவது எப்படி

பாடப்புத்தகத்தில் போர்த்துகீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர் என்று வரிசையாக வரும். பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அத்தனை பேரும் நம்ம கரைக்கு எதற்காக வந்தார்கள் என்பது மட்டும் மனசில் ஒட்டவே ஒட்டாது. அதனால் ஆண்டில் தொடங்காதீர்கள், வீட்டிலிருக்கும் ஒரு பொருளில் தொடங்குங்கள்.

சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் பழவேற்காடு என்றால் நான் எடுப்பது கட்டம் போட்ட கைலி. அதை மேசைமேல் விரித்து, பக்கத்தில் நாலு கிராம்பும் ஒரு ஜாதிக்காயும் வையுங்கள். மலேசியாவில் இந்தக் கைலிக்கு 'கைன் பெலிகட்' என்று பேர், கைன் என்றால் துணி, பெலிகட் என்பது ஆங்கிலத்தில் புலிகாட் எனப்படும் நம்ம பழவேற்காடுதான் என்று சொல்லிப் பாருங்கள். ஊர்ப்பேர் எப்படி சார் கடல் தாண்டிப் போச்சு என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை பாடத்தைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி வந்ததும் வரைபடத்தை மாட்டுங்கள். அந்தக் காலத்தில் ஜாதிக்காய் விளைந்தது பண்டா தீவுகளில் மட்டும், கிராம்பு மலுக்குத் தீவுகளில், இரண்டும் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கின்றன. அங்கிருந்தவர்கள் சரக்குக்கு மாற்றாக விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரைத் துணியை. ஆக, மசாலா வேண்டுமென்றால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் நம்ம நெசவாளர்களிடம் வந்தாக வேண்டும். 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழும்பியதற்குப் பின்னால் இருந்தது இந்தத் துணிக் கணக்குதான். பழவேற்காடு, ஜாவாவின் படேவியா (இன்றைய ஜகார்த்தா), பண்டா, ஆம்ஸ்டர்டாம் என்று ஊசி குத்தி, பிள்ளைகளையே நூல் இழுக்கச் சொல்லுங்கள். கையால் இழுத்த வழி மறக்காது.

அடுத்து ஐந்து குழுவாகப் பிரியுங்கள்: நெசவாளர், சாயவேரில் சிவப்பு ஏற்றுபவர், நடுவில் நிற்கும் வணிகர், கம்பெனிக் கணக்கர், பண்டாவில் ஜாதிக்காய் விளைவிப்பவர். உனக்கு என்ன கிடைத்தது, உன் கையைவிட்டு என்ன போனது, இந்த இரண்டு கேள்விதான். ஒரு பீரியட் முழுக்க இதற்கே கொடுத்துவிடுங்கள்.

நம்ம துணி உலகமெல்லாம் போச்சு என்ற பெருமையோடு பாடத்தை முடித்துவிடத் தோன்றும். தயவுசெய்து முடிக்காதீர்கள். 1621-ல் டச்சுப் படை பண்டா தீவுகளைப் பிடித்து அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரை அழித்தது, பிறகு தோட்டங்களில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. பழவேற்காட்டிலிருந்தும் துணியோடு மனிதர்களும் அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேறினார்கள். பஞ்சம் வந்தபோது பெற்ற பிள்ளையையே விற்றவர்கள் இருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியும். கொடூரத்தை விவரிக்க வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம்.

கனமான வகுப்புக்குப் பிறகு சொற்களுக்கு வாருங்கள். துட்டு, கக்கூஸ் இரண்டும் டச்சிலிருந்து வந்தவை, ஜன்னல், அலமாரி, சாவி போர்த்துகீசியம்.

முடிந்தால் ஊருக்கே கூட்டிப் போங்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாந்துபோவார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டார்கள். ஆளுக்கொரு கல்லறையிலுள்ள பேரையும் ஆண்டையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், கல்லைத் தொட்டுத் தேய்க்க விடாதீர்கள்.

உங்கள் ஊர் வேறா? செட்டிநாடு என்றால் வீட்டுத் தூணிலுள்ள பர்மா தேக்கில் தொடங்கி, 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததுவரை போகலாம். கரிசல் காடு என்றால் ஒரு பிடி பருத்தி போதும், 1861-ல் அமெரிக்காவில் மூண்ட உள்நாட்டுப் போர் இங்கே பருத்தி விலையை ஏற்றிவிட்ட கதை வரும். எந்தப் பொருள் என்று தெரியவில்லையென்றால், வீட்டில் இருப்பதிலேயே பழைய சாமான் எது, அது எங்கிருந்து வந்தது என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லி வெள்ளிக்கிழமை அனுப்புங்கள், திங்கட்கிழமை பாடம் தயாராக இருக்கும்.