பார்க்கின்சன் நோய்: நடுக்கத்தை மட்டும் பார்ப்பதால் வரும் தவறுகள்

பெரியப்பா கணக்கு எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கங்களில் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். போகப் போக, வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துவிடும். "கண்ணாடியை மாத்தணும் போல" என்றார் பெரியம்மா. மாற்றினோம். வலது தோள் இறுக்கமாக இருக்கிறது என்றார் பெரியப்பா. தோளுக்குத் தனியாக வைத்தியம் நடந்தது. கை நடுங்கவே இல்லை என்பதால் பார்க்கின்சன் என்ற பேச்சே எழவில்லை. நோய் இன்னதென்று தெரிவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

தமிழில் இதற்கு நடுக்குவாதம் என்று பெயர். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலாக விரிவாக எழுதியபோதும் அதே பொருளில்தான் தலைப்பு வைத்தார். பெயரைக் கேட்டதும் நாமும் கையைத்தான் பார்க்கிறோம். ஆனால் நோய் தொடங்கும்போது ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு நடுக்கமே இருப்பதில்லை. மருத்துவர் முதலில் தேடுவது அசைவு மந்தமாவதை. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டி வருகிறதா, சட்டைப் பொத்தான் போட வழக்கத்தைவிட நேரமாகிறதா, குரல் தணிந்துகொண்டே போகிறதா, எழுத்து சிறுக்கிறதா? இவை பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கை நடுங்கினாலே பார்க்கின்சன் என்று பயந்துவிடுவது. டம்ளரைத் தூக்கும்போதோ கையெழுத்துப் போடும்போதோ நடுங்கி, கையை மடியில் வைத்தால் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் தெரியும். அப்புறம், சில மாத்திரைகளே இந்த நோயைப் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளூனரிசின், மனநலச் சிகிச்சையில் தரும் ஹாலோபெரிடால் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

"வயசானா அப்படித்தான்" என்ற வாக்கியம் எத்தனை பேரின் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறதோ! வயது ஏற ஏற ஆபத்து கூடுவது உண்மைதான், ஆனால் ஐம்பதுக்குள்ளும் வரும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991இல் நோய் உறுதியானபோது அவருக்கு வயது 29.

உள்ளே நடப்பது என்ன? நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல இறக்கின்றன. ஆல்ஃபா சைனூக்ளீன் என்ற புரதம் தவறாக மடிந்து, நரம்பணுக்களுக்குள் கட்டியாகச் சேர்கிறது. இது மூளையின் அந்த ஒரு மூலையோடு நிற்பதில்லை. அதனால்தான் வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், கனவில் யாரையோ அடித்தால் தூக்கத்திலேயே நிஜமாகக் கையை ஓங்கி அடிப்பது போன்றவை பல வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். மலச்சிக்கல் இருப்பவர்களுக்கெல்லாம் இந்த நோய் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கனவை நடித்துக் காட்டும் தூக்கத்தை மட்டும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். நான் பார்த்தவரை அதிகம் துன்பம் தருவது இந்த இடத்துத் தவறுகள்தான். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா 1960களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. இன்றுவரை அதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை. ஆனாலும், "இப்பவே ஆரம்பித்தால் சீக்கிரம் பலிக்காமல் போய்விடும், முடியாத காலத்துக்கு வைத்துக்கொள்வோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் எட்டு மாதம் ஓட்டினார். நெதர்லாந்தில் 445 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப்பேர் உடனே மருந்தைத் தொடங்கினார்கள், மீதிப்பேர் 40 வாரம் கழித்து. 80 வாரம் முடிந்தபோது இரண்டு குழுவும் ஒரே நிலையில் இருந்தன. 2019இல் வெளியான முடிவு இது. சீக்கிரம் தொடங்கியதால் கெடுதலும் இல்லை, தள்ளிப்போட்டதால் மிச்சமான லாபமும் இல்லை. பெரியப்பா நன்றாக நடந்திருக்கக்கூடிய எட்டு மாதம் போனதுதான் கண்ட பலன்.

தொடங்கியபின் கடிகாரம்தான் முக்கியம். லெவோடோபாவும் உணவிலுள்ள புரதமும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. பால், பருப்பு, முட்டை, கறி சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் சிலருக்கு அது ஏறவே ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ எடுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். புரதத்தையே விட்டுவிடுவது இன்னொரு தவறு, எடை குறைந்து உடம்பு தளர்ந்துவிடும். வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் வீட்டு நேரப்படியே மாத்திரை தரும்படி கேளுங்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த மாத்திரையால் குமட்டல் வருகிறது என்று யாராவது மெட்டோகுளோப்ரமைடு எழுதினால், பார்க்கின்சன் இருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. மூலிகைதானே என்று மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது, அளவு தெரியாமல் அதே மருந்தை இரண்டாவது தடவை விழுங்குவதுதான்.

வெளியே சொல்லக் கூசுகிற ஒன்றும் உண்டு. இதே நோய்க்குத் தரும் பிராமிபெக்சால், ரோபினிரோல் வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாத செலவு, அளவுமீறிய காம இச்சை ஆகியவற்றைத் தூண்டும். அதுவரை ஒழுங்காக இருந்த மனிதர் ஏன் இப்படி மாறினார் என்று குடும்பம் உடைந்துபோகும். அது அவர் குணம் கெட்டதால் வந்ததில்லை. மருத்துவரிடம் சொன்னால் மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ முடியும்.

கூட இருப்பவர்களின் தவறுகளில் எனக்கு இன்னும் வலிப்பது ஒன்று. "பெரியப்பா முகம் கொடுத்தே பேசுவதில்லை" என்று வீட்டில் குறைப்பட்டுக்கொண்டோம். முகத்துத் தசைகள் அசைய மறுக்கின்றன என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அறை வாசலுக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்பார். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. நாங்கள் அவசரத்தில் கையைப் பிடித்து இழுப்போம். அது விழவைக்கும் வழி. பின்னாளில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வாசலருகே தரையில் குறுக்காக நான்கு பட்டை நாடா ஒட்டிவிட்டுப் போனார். கோட்டைத் தாண்ட வேண்டும் என்று கண் பார்த்ததும் கால் எழுந்தது! தானாக நடக்கும் பாதை அடைபட்டாலும், பார்த்துத் தாண்டும் பாதை மூளையில் திறந்திருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாலும் பலருக்குக் கால் கிளம்பும்.

கடைசியாக, ஆராய்ச்சிச் செய்திகள். "புதிய மருந்து கண்டுபிடிப்பு" என்று வாரம் ஒரு செய்தி கைக்கு வரும். சர்க்கரை நோய்க்கான எக்ஸனடைடு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் சுமார் 60 பேரிடம் நடந்த சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. நாங்கள்கூட அந்தச் செய்தியை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். 2025இல் 194 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு வந்தது. பலன் இல்லை. சத்து மாத்திரைகளாக விற்கும் கோஎன்சைம் கியூ10, கிரியேட்டின் இரண்டும் இதே வழியில்தான் போயின. புகைபிடிப்பவர்களிடம் இந்த நோய் குறைவாக இருப்பதைப் பார்த்து நிகோடின் பட்டையை ஒட்டிச் சோதித்தார்கள். அதுவும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை.

சிறிய சோதனையில் நல்ல முடிவு வருவதற்கு ஒரு காரணம் நம்பிக்கை. மருந்தென்று நம்பி வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையிலும் டோபமைன் சுரந்ததை 2001இல் கனடாவில் படமெடுத்தே காட்டினார்கள். ஆகவே செய்தியைப் படிக்கும்போது எத்தனை பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோ ஊசியோ பெற்ற குழு இருந்ததா, எலியிடமா மனிதரிடமா என்று தேடுங்கள். 2025இல் ஸ்டெம் செல் (வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய மூல அணு) பற்றி வந்த இரண்டு ஆய்வுகள் மனதுக்குத் தெம்பு தருபவைதான். ஆனால் ஒன்றில் 12 பேர், மற்றதில் 7 பேர். ஆபத்தில்லையா என்று பார்ப்பதே அவற்றின் முதல் நோக்கம். அந்தச் செய்தியைக் காட்டி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடங்களை நம்பாதீர்கள். முறையான சோதனைகள், ஆய்வில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் கட்டணம் வசூலிப்பது வழக்கமில்லை.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு போகும் இடம்தான் மருந்துச் சோதனை என்று நினைப்பதும் தவறு. நோயின் வேகத்தைக் குறைக்க முயலும் பல ஆய்வுகள், நோய் புதிதாகத் தெரியவந்து இன்னும் மாத்திரையே தொடங்காதவர்களைத் தேடுகின்றன. சேர விருப்பமிருந்தால் நோய் உறுதியாகும் அந்த முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.