சார்லாவைச் சுற்றிப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் தென்மேற்கே, தோர்தோஞ் மாவட்டத்தில் உள்ள சார்லா ஒரு பழைய சந்தை நகரம். பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ 1962-இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்தின் பயனை முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று என்பதால், அதன் மஞ்சள் கல் வீடுகளும் குறுகிய சந்துகளும் இடிபடாமல் தப்பின. இங்கே தங்கிக் குகைகளையும் கோட்டைகளையும் பார்த்து வரலாம் என்று வருவோர் பலர். அவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, வரைபடத்தில் தெரியும் தொலைவை மட்டும் கணக்கிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பதுதான். வடமேற்கே வெஸேர் ஆற்றின் கரையில் குகைகள் இருக்கின்றன. தெற்கே தோர்தோஞ் ஆற்றின் கரையில் கோட்டைகள் இருக்கின்றன. ஒரு நாளுக்கு ஓர் ஆறு என்று வைத்துக்கொண்டால்தான் எதையும் நிதானமாகப் பார்க்க முடியும். பாறைச் சரிவில் அமைந்த யாத்திரைத் தலமான ரொக்கமதூருக்கு மட்டுமே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், அதற்குத் தனி நாள் வேண்டும்.

சனிக்கிழமைச் சந்தையைப் பார்க்காமல் ஊரை விட்டுக் கிளம்புவது வருந்தத்தக்க இழப்பு. ஆனால் பதினொரு மணிக்குக் காரில் வந்து நிறுத்த இடம் தேடுவது அதைவிடத் துன்பம். புதன், சனி ஆகிய இரு நாள்களிலும் காலையில் சந்தை கூடும், சனிக்கிழமைதான் பெரியது. ஒன்பது மணிக்குள் வந்து, காரைப் பழைய நகருக்கு வெளியே விட்டு நடந்து செல்வதே நல்லது. அக்ரூட் பருப்பு, சிறு வட்டமாகத் தட்டிய ஆட்டுப்பாற்கட்டி, வசந்தத்தில் ஸ்ட்ராபெரி, குளிர்காலத்தில் மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான கருந்த்ரூஃபிள் என்று பருவத்துக்கேற்பக் கடைகள் மாறும். ஒருகாலத்தில் தேவாலயமாக இருந்த சேன்த்-மரி கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் வைத்த பிரம்மாண்டமான உலோகக் கதவுகளையும், உள்ளே இயங்கும் மூடிய சந்தையையும் தவறவிடக் கூடாது.

குகைகளைப் பொறுத்தவரை, கற்கால ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற லாஸ்கோ குகையில் மூல ஓவியங்களைக் காணலாம் என்ற நம்பிக்கையோடு செல்வதே பெருந்தவறு. 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகையின் சுவர்களில், பார்வையாளர்களின் மூச்சாலும் விளக்கொளியாலும் பாசி படரத் தொடங்கியதால், 1963-இல் அதே மால்ரோ அதை மூடினார். இன்று அக்குகைக்கு அருகிலுள்ள மொந்திஞாக் ஊரில் மக்கள் பார்ப்பது 2016-இல் திறக்கப்பட்ட முழுமையான பிரதி. அது மிகச் சிறப்பாக அமைக்கப்பட்டது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கற்கால மனிதன் கைப்பட வரைந்த பல வண்ணக் காட்டெருமைகளையே பார்க்க விரும்புவோர் லே ஸெய்ஸியில் உள்ள ஃபோன்-த-கோம் குகைக்குச் செல்ல வேண்டும். அங்கே சிறு குழுக்களாக மட்டுமே அனுமதிக்கிறார்கள் என்பதால், பயணத்தை முடிவு செய்ததுமே முன்பதிவு செய்துவிட வேண்டும். கோடையிலும் குகைக்குள் குளிரும். மேற்சட்டை இல்லாமல் போனால், பாறையின் புடைப்பையே காட்டெருமையின் தோளாக்கிய ஓவியனின் திறமையை ரசிப்பதற்குப் பதில் நடுங்கிக்கொண்டு நிற்க நேரும்.

இங்கிலாந்தும் பிரான்ஸும் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் நடத்திய நூறாண்டுப் போரில் பிரெஞ்சுத் தரப்பின் கையில் இருந்த பெய்னாக் கோட்டையும், ஆங்கிலேயர் வசம் இருந்த காஸ்தெல்நோ கோட்டையும் தோர்தோஞ் ஆற்றுக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாக ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. இரண்டுக்கும் செங்குத்தான ஏற்றம் உண்டு. கோடையின் நண்பகலில் ஏறாமல், காலையிலேயே ஒன்றை முடித்துவிட்டு, பிற்பகலில் ஆற்றங்கரை ஊரான லா ரோக்-கஜாக்கில் பழைய சரக்குப் படகுகளின் வடிவில் செய்த படகில் ஆற்றைப் பார்ப்பது உடலுக்கும் உகந்தது.

சிற்றூர் உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சாப்பாடு கிடைப்பது அரிது. சைவ உணவினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பூண்டும் பார்ஸ்லியும் மணக்க, ஓரம் பொன்னிறமாக முறுகி வரும் சார்லா உருளைக்கிழங்கு வறுவல், பார்வைக்கு நம் வீட்டு வறுவல்தான் என்றாலும், அது வாத்துக் கொழுப்பில் செய்யப்படுவது. கேட்டுவிட்டுச் சொல்வதே பாதுகாப்பு.

போர்தோவிலிருந்து சார்லாவுக்கு ரயில் இருக்கிறது என்பதை நம்பி, கார் ஏற்பாடு இல்லாமல் வருவோரும் உண்டு. நிலையத்தில் இறங்கிய பின் கோட்டைகளுக்கும் குகைகளுக்கும் பேருந்து வசதி மிகக் குறைவு. வாடகைக் காரையோ, வழிகாட்டியுடன் கூடிய வேன் பயணத்தையோ வருமுன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வருவோர், குறிப்பாக ஜனவரியில், பல இடங்கள் மூடியிருக்கும் என்பதால் திறந்திருக்கும் நாள்களைச் சரிபார்த்த பிறகே அறையைப் பதிவு செய்ய வேண்டும்.