நிர்வாகமா தலைமையா: உங்கள் டீமுக்கு இப்போது எது வேண்டும்?

முதன்முதலில் ஒரு டீமை என் கையில் கொடுத்தபோது, தொடர்ந்து இரண்டு டெட்லைன் தவறியதும் எல்லோரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் உணர்ச்சி பொங்கப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவது டெட்லைனும் போனது. அப்புறம் ஒவ்வொருவரிடமும் விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒரே வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள், முடிந்த வேலையெல்லாம் ஒப்புதலுக்காக ஒரே ஆளிடம் போய்த் தேங்கிக் கிடந்தது. அந்த ஆள் நான்தான்.

ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் காட்டர் 1990இல் ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துச் சொன்னார்: சிக்கலைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை. திட்டம், பட்ஜெட், ஆள் ஒதுக்கீடு, கண்காணிப்பு எல்லாம் முதல் பக்கம். எங்கே போகிறோம் என்று காட்டுவது, ஆட்களைக் கூடவே அழைத்துப்போவது, சோர்ந்தால் தூக்கி நிறுத்துவது இரண்டாவது. நான் முதல் நோய்க்கு இரண்டாவது மருந்தைக் கொடுத்திருந்தேன்.

அதனால் முதலில் நோய் எது என்று பாருங்கள். டீமில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மூன்று கேள்வி கேளுங்கள் (கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்). இந்த வாரம் நீங்கள் முடிக்கவேண்டியது என்ன? யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? இது முடிந்தால் யாருக்கு என்ன பயன்? முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், அல்லது ஒருவர் பதில் இன்னொருவர் பதிலோடு மோதினால், ஓட்டை நிர்வாகத்தில். மூன்றாவதற்கு அசட்டுச் சிரிப்பு வந்தால், என்ன அட்டவணை போட்டும் பயனில்லை, போய்ப் பேசுங்கள்.

அடுத்து, கடந்த இரண்டு வாரக் காலண்டரை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நி' (நிர்வாகம்) அல்லது 'த' (தலைமை) என்று குறியுங்கள். பெரும்பாலும் 'நி'யாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். பழகிய வேலை, பழகிய ஆட்கள் என்றால் அதுவே சரி. பாதிக்குப் பாதி என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆட்கள் விலகுகிறார்கள், வேலை முறை மாறுகிறது என்றால் 'த' ஏற வேண்டும். ஆனால் பலரும் சறுக்குவது இங்கேதான், 'த' ஏறும்போது 'நி'யைக் கைவிட்டுவிடுகிறார்கள். எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போதுதான் லீவுக்கு அன்றைக்கே பதில், அதே நேரத்துக்கு அதே மீட்டிங் போன்ற சின்ன நிச்சயங்கள் மனிதருக்கு அதிகம் தேவைப்படுகின்றன.

இரண்டையும் ஒரே மீட்டிங்கில் திணிக்காதீர்கள். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் "மனசுல ஏதாவது குறை இருக்கா?" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நேரம் எங்கிருந்து வரும்? நிர்வாகத்தில் பாதியை எழுதிக் கைமாற்றிவிடலாம். ஒரு செக்லிஸ்ட், இன்ன தொகை வரைக்கும் நீங்களே முடிவெடுங்கள் என்று ஒரு வரம்பு, அவ்வளவு போதும். கெட்ட செய்தி சொல்வதையும் பழியை ஏற்பதையும் மட்டும் கைமாற்ற முடியாது.

1944 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகளின் தரையிறக்கம். சுமார் 1,56,000 வீரர்கள், ஏறக்குறைய 7,000 கப்பல்களும் படகுகளும். நிர்வாகம் இல்லாமல் அது நடக்காது. நேசநாட்டுப் படைத் தளபதி ஐசன்ஹோவர், ஒருவேளை தோற்றால் வெளியிட ஒரு குறிப்பையும் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். அதில் 'படைகள் திரும்பப் பெறப்பட்டன' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'நான் படைகளைத் திரும்பப் பெற்றேன்' என்று மாற்றினார். தவறு ஏதும் இருந்தால் அது தன்னுடையது மட்டுமே என்று முடித்தார்.

அடுத்த முறை ஏதாவது சொதப்பி மெயில் எழுதும்போது உங்கள் வினைச்சொல்லைப் பாருங்கள். 'தாமதம் ஏற்பட்டுவிட்டது' என்றிருந்தால், உண்மையில் காரணம் நீங்கள்தான் என்றால், 'நான் தாமதப்படுத்திவிட்டேன்' என்று மாற்றுங்கள். அனுப்பிய கையோடு, அதே தவறு திரும்ப வராமலிருக்க செக்லிஸ்டில் ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.