பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? பேரத்துக்கு முன் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்

"எண்பத்தஞ்சு சொல்றாங்க, பேசிக்கலாம்" என்றார் தரகர். தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டு மனை, அதில் 900 சதுர அடிக்கு 24 வருடம் முன்பு கட்டிய தரைத்தள வீடு. எழுபத்தெட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். கூட வந்த சித்தப்பா, "பார்த்துட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும், "எழுபத்தெட்டு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எண்பத்தைந்தில் ஏதோ கொஞ்சம் கழித்திருந்தேன், அவ்வளவுதான்.

முதல் முறை வீடு வாங்குகிறவர்கள் அநேகமாகச் செய்கிற தவறு இது. விற்பவர் சொன்ன தொகையிலிருந்து கீழே இறங்கினால், நாம் பேசுவது அவர் கணக்கை வைத்துத்தான். நமக்கென்று ஒரு கணக்கு வேண்டும். அந்த வீட்டுக்கு நான் போட்ட கணக்கையே, எண்களை மட்டும் கொஞ்சம் முழுதாக்கி, இங்கே வைக்கிறேன்.

படி 1: வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள்

பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. இலவசம்தான். இது சந்தை விலை அல்ல. முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அடிப்படை விலை. பல இடங்களில் சந்தை விலை இதைவிட மேலே இருக்கும்.

அப்படியானால் பேரத்துக்கு இது எதற்கு? இதற்குக் கீழே வாங்கினாலும் தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். அதோடு, வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்து வாங்கினால், அந்த வித்தியாசத்தை வருமான வரிச் சட்டம் வாங்குபவரின் வருமானமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பேரத்தின் அடித்தளம் இது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பக்கத்து வீட்டின் வில்லங்கத்தையும் எடுங்கள்

வாங்கப் போகும் வீட்டுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல், எடுக்க எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது அக்கம்பக்கத்து மனைகளுக்கும் சேர்த்து. அதே இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்து, கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கிரயத்துக்கும் எதிரே 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு தொகை இருக்கும். சொத்தின் விஸ்தீரணமும் இருக்கும். தொகையை விஸ்தீரணத்தால் வகுத்தால் சதுர அடி விலை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்து வாங்கியவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். வங்கிக் கடன் போட்டு வாங்கியவர்களின் பத்திரம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கிரயம் நடந்த அன்றோ அதற்கு அடுத்தோ வங்கிக்கு அடமானம் வைத்த பதிவு இருந்தால் அந்த வரியை நம்பலாம். எனக்கு அப்படி மூன்று கிடைத்தன. தரகர்கள் சதுர அடி ஆறாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்த தெருவில், அந்த மூன்றும் ஐந்தாயிரத்தை ஒட்டியே இருந்தன.

படி 3: மனையைத் தனியாக, கட்டடத்தைத் தனியாகப் போடுங்கள்

மனை ஏறும், கட்டடம் தேயும். விற்பவர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகச் சொல்வார். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

மனை: 1,200 சதுர அடி, அடிக்கு 5,000 ரூபாய். 60 லட்சம்.

கட்டடம்: அதே மாதிரி வீட்டை இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,200 என்று வைத்துக்கொண்டால், 900 சதுர அடிக்கு 19.8 லட்சம். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருட ஆயுள் என்று எடுத்தால், 24 வருடத்தில் 40 சதவீதம் தேய்ந்துவிட்டது. மிச்சம் சுமார் 11.9 லட்சம்.

ஆக 71.9 லட்சம். எண்பத்தைந்து எங்கே, இது எங்கே! தேக்குக் கதவையும் பூஜை அறை டைல்ஸையும் விற்பவர் தடவித் தடவிக் காட்டியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

தெற்குப் பார்த்த வாசல், தெருக்குத்து போன்றவற்றுக்கு நம் ஊரில் விலை குறையும். உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லையென்றால் லாபம்தான். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது வருகிறவரும் அதையே சொல்லிக் குறைப்பார். அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 4: டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்

முதல் முறை வீட்டைப் பார்ப்பது ஆசையில். இரண்டாவது முறை பகல் வெளிச்சத்தில், ஒரு கொத்தனாரையோ பொறியாளரையோ கூட்டிக்கொண்டு போங்கள். மனையின் நான்கு பக்கத்தையும் அளந்து, பத்திரம், பட்டா, புலப்பட நகல் (நில அளவை வரைபடத்தின் நகல்) மூன்றோடும் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1,200 இருந்து தரையில் 1,150 இருந்தால் 50 சதுர அடி போச்சு. ஐந்தாயிரம் விலையில் அது இரண்டரை லட்சம்.

வீட்டுக்குள் பீரோவை நகர்த்தச் சொல்லிப் பாருங்கள், தப்பில்லை. நான் பார்த்த வீட்டில் எல்லாச் சுவருக்கும் புது பெயின்ட். படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் மட்டும் அடிக்கவில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உப்பு பூத்திருந்தது. மாடிப்படிக்கு அடியில் கான்கிரீட் உரிந்து கம்பி தெரிந்தது. மொட்டை மாடித் தட்டோட்டில் விரிசல். வயரிங்கும் பழசு. கொத்தனார் கணக்குப்படி எல்லாவற்றுக்கும் இரண்டரை லட்சம். 71.9 இப்போது 69.4 ஆனது.

தண்ணீர் விஷயத்தை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை அந்தப் பகுதிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. எந்தப் படி வரை வந்தது என்று கையால் தொட்டே காட்டுவார்கள். போர்வெல் கோடையில் வற்றுமா என்பதற்கும் அங்கேதான் சரியான பதில் கிடைக்கும்.

அடுக்குமாடி வாங்குகிறவர்கள் மேலே சொன்ன கணக்கில் மனைக்குப் பதிலாக யு.டி.எஸ். எனப்படும், மொத்த மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பாகத்தைப் போட வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு யு.டி.எஸ். 500-ம் இருக்கும், 300-ம் இருக்கும். சதுர அடி விலை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே சரக்கு இல்லை.

படி 5: வங்கி எவ்வளவு மதிப்புப் போடும்?

பேசி முடித்த விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, இந்த இரண்டில் குறைவானதை வைத்துத்தான் பொதுவாகக் கடன் தருவார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு 80 சதவீதம். நீங்கள் 76-க்குப் பேசி, மதிப்பீட்டாளர் 70 போட்டால், அதிகபட்சக் கடன் 56 லட்சம். மீதி 20 லட்சம் கையிலிருந்து. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது ஏழு லட்சத்தை ஒட்டி வரும். இதற்கு வங்கி கடன் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டிய மாடி அறை இருந்தால் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் வாய்ப்பு உண்டு.

படி 6: இப்போது பேசுங்கள்

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சொல்லப் போகும் முதல் விலை, நியாயம் என்று நினைக்கும் விலை, தாண்டவே கூடாத விலை. எனக்கு 66, 69.5, 74. மூன்றாவதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, தரகரிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். அவருக்குக் கமிஷன் விலையில் சதவீதம்.

ஆடி மாதம் பேசினால் நல்லது. அந்த மாதத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் குறைவு, விற்பவரும் கொஞ்சம் இறங்கி வருவார். முன்பணத்தை ஆவணியில் வெற்றிலை பாக்கோடு கொடுத்துக்கொள்ளலாம்.

குறையைச் சொல்லும்போது வீட்டைப் பழிக்காதீர்கள். அவர் பிள்ளை வளர்ந்த வீடு அது. நாங்கள் கணக்கெழுதிய தாளை அவர் முன் வைத்தோம். "சார், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கணக்கு இப்படித்தான் வருது, நீங்களே பாருங்க" என்றேன். 66 என்றதும், "தம்பி, மனை விலைக்கே கேட்கறீங்களே" என்றார். சித்தப்பா பதில் பேசவில்லை, காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து அவரே எண்பது என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இழுத்தது. எண்பது எழுபத்தாறு ஆகி, அங்கேயே நின்றுவிட்டது. முடிச்சு அவிழ்ந்தது பணத்தால் இல்லை. பேச்சுவாக்கில், மகன் வீட்டுக்குப் போக இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை எங்கே தங்குவது என்று அவர் மனைவி கவலைப்பட்டார். கிரயத்துக்குப் பிறகு இரண்டு மாதம் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளுங்கள் என்றோம். 73-க்கு முடிந்தது. விற்பவருக்கு என்ன அவசரம், என்ன தேவை என்று முன்பே விசாரித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

"பத்திரத்தில் கைடுலைன் போடுவோம், மீதி ரொக்கம்" என்று நடுவில் தரகர் ஒரு யோசனை சொன்னார். ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது சட்டப்படி தப்பு. கடனும் குறையும். நாளைக்கு விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் உங்கள் தலையில் விழும்.

படி 7: முன்பணத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்

வழக்கறிஞர் தாய்ப்பத்திரம் வரை பார்த்து ஒப்புதல் தந்த பிறகே முன்பணம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும், 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்கட்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது விற்பவரின் வருமான வரிக் கணக்கில், அவருக்குத் தரும் தொகையிலிருந்து பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். எங்களுக்கு அது 73,000. விற்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பதிவு நாளன்று சண்டை வரும்.

வீட்டோடு என்னென்ன வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: மோட்டார், இன்வெர்ட்டர், மின்விசிறிகள். நாங்கள் ஊஞ்சலை எழுத மறந்தோம். இப்போது கூடத்து உத்தரத்தில் இரண்டு கொக்கி மட்டும் தொங்குகிறது.