நூறைத் தொட்டதும் உதறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

அறுபது எழுபது வரை வண்டி அலுங்காமல் போகும். தொண்ணூறைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். நூறில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் எல்லாமே கலங்கித் தெரியும். உடனே கை ஸ்பேனரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். எது சுற்றும்போது இந்த உதறல் வருகிறது என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில் என்று அமைந்த வண்டிகளுக்கான முறை இது. 1962 முதல் 1980 வரை தயாரான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பேப்பரில் கணக்கு

165 ஆர் 14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 14 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றுகிறது. பின் அச்சில் உள்ள பல்சக்கரத் தொகுப்பான டிஃபரென்ஷியலின் விகிதம் 3.909; சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் அத்தனை முறை சுற்றும். ஆகவே கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 56 சுற்று, நிமிடத்துக்குச் சுமார் 3,350. நான்காவது கியர் நேரடி கியர் என்பதால் எஞ்சினும் அதே வேகத்தில்தான் சுற்றும். உங்கள் வண்டியின் டயர் அளவையும் விகிதத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

இந்த 14-க்கும் 56-க்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லிவிடும். 14 என்பது தடதடவென்ற குலுக்கல். 56 என்பது உள்ளங்காலில் ஏறும் ரீங்காரம். போனில் அதிர்வை அளக்கும் ஆப் 14-ஐச் சுலபமாகக் காட்டும்; 56-க்கு, மைக் வழியாக ஒலியைப் பிரித்துக் காட்டும் ஆப் நல்லது.

இரண்டாம் படி: ஓட்டிப் பார்ப்பது

காலியான, சமமான சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். பழைய ஸ்பீடோமீட்டரை நம்பாமல் ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்கள்.

நான்காவது கியரில் உதறல் வரும் வேகத்தைப் பிடியுங்கள். அப்புறம் அதே வேகத்தில் மூன்றாவது கியர். இப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 4,600 சுற்று அளவுக்கு ஏறியிருக்கும், ஆனால் ஷாஃப்டும் சக்கரமும் பழைய வேகத்திலேயே இருக்கும். உதறல் மாறவே இல்லையென்றால் எஞ்சின், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒரு பைசா செலவில்லாமல் பாதி வண்டியை ஒதுக்கிவிடுகிறது.

அடுத்து நியூட்ரல். சாவியை அணைக்கக் கூடாது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உதறல் அப்படியே தொடர்ந்தால் சக்கரம் அல்லது ஷாஃப்ட். நியூட்ரலில் நின்றுபோய், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்தால், இழுவை விழும்போது இடம் மாறும் ஏதோ ஒன்று: தேய்ந்த யூ-ஜாயிண்ட் (ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள வளையும் இணைப்பு), எண்ணெயில் ஊறித் தளர்ந்த எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), டிஃபரென்ஷியலுக்குள் ஷாஃப்ட் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங்.

மூன்றாம் படி: சக்கரங்கள்

குலுக்கல் ஸ்டீயரிங்கில் வந்தால் முன்சக்கரம், சீட்டில் வந்தால் பின்சக்கரம் என்று தொடங்கலாம். முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போடுங்கள். உதறலும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி கிடைத்தாயிற்று. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கம்பி ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக் கேளுங்கள். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

நான்காம் படி: ஷாஃப்ட்

சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. எஞ்சின் அணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

யூ-ஜாயிண்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. டார்ச் அடித்து, ஜாயிண்டின் நடுவில் உள்ள சிலுவை வடிவக் கிராஸின் மூடிகளைச் சுற்றிப் பாருங்கள். செங்கல் பொடி மாதிரி சிவந்த தூள் ஒட்டியிருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் துருப்பிடித்துவிட்டன என்று அர்த்தம்.

அடுத்ததைப் பலர் கவனிப்பதே இல்லை. வளைந்த கோணத்தில் சுற்றும் யூ-ஜாயிண்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஷாஃப்டை வேகப்படுத்தி, இரண்டு முறை மெதுவாக்கும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சரிக்குச் சரி ஈடுசெய்ய வேண்டும். அதற்கு ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் பல் பொருத்தமான ஸ்ப்லைனைப் பிரித்து ஒரு பல் தள்ளி மாட்டினாலே இந்த ஒழுங்கு கெட்டுவிடும். எல்லாப் பாகமும் புதிது, ஆனாலும் உதறல் என்றால் நான் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

கவட்டைகள் சரி, ஆட்டமும் இல்லை. அப்போது டிஃபரென்ஷியல் பக்க ஃப்ளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பெயிண்டால் ஒரு கோடு போட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றி, ஷாஃப்டை அரைச்சுற்று திருப்பி மாட்டி ஓட்டுங்கள். குறைந்தால் அப்படியே விடலாம். குறையவில்லையா? ஷாஃப்டின் பின்முனையில் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள். அதன் திருகுத் தலைதான் எடை. கால் சுற்றுக்கு ஒருமுறை நகர்த்தி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் உதறல் நன்றாகக் குறைந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ் தவறியிருக்கிறது. கிளிப்பை அப்படியே விட்டுவிடாமல், திருகு நின்ற இடத்தைப் பெயிண்டால் குறித்து, ஷாஃப்டைக் கழற்றி முறையான பேலன்சிங்குக்குக் கொடுங்கள்.